பெரியண்ணனும் சின்னண்ணனும்

பருத்திப்பட்டில் என் இல்லம் நாடி வரும் இளைஞர் சிலர், "தலைவனாவது எங்ஙனம்?" என்று வினவுவதுண்டு. தலைமையாசிரியப் பணியின் தொடக்கத்தில், பிரம்பே தலைமை என்று எண்ணியவன் நான். ஆதலால் என்னைக் காட்டாது, அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் திருப்பத்தூரைக் காட்டுவேன்.

அங்கே 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியோர் இருவர்: தமிழராகிய யேசுதாசன், ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்தினராகிய ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர்கள். சீடரின் பாதங்களைத் தம் கையால் கழுவிய இயேசுவைக் குருவாகக் கொண்டவர், தலைவர் என்றோ துரை என்றோ அழைக்கப்பெற இசைவரோ? யேசுதாசன் பெரியண்ணன் ஆனார். பேட்டன் சின்னண்ணன் ஆனார். வெள்ளையர் ஆண்ட நாளில் வெள்ளையர் ஒருவர் தமிழர்க்கு இளையவராய் நின்றது சிறிய செய்தியன்று. கதர் உடுத்தி, பிணியாளரிடையே எளிய வாழ்வு நடத்தினர்.

அவ்வுடைக்கு விலையும் இருந்தது. 1932இல் சென்னையில், அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில் கதருடன் நின்ற பேட்டனைக் காவலர் தடியால் அடித்தனர்; வண்ண நீரையும் பீய்ச்சினர். கோட்டும் தொப்பியும் அணிந்திருப்பின் எவரும் அவரைத் தொட்டிரார் என்பது என் எண்ணம். அதன் பின்னும் பல்லாண்டு அவர் சின்னண்ணனாகவே இருந்தார்.