மலைச்சரிவில் மூன்று கணக்குகள்

ஐப்பசித் திங்களில் நீலகிரியில் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், மேட்டுப்பாளையத்துப் பாலத்தின்மீது நின்று பவானியாற்றைப் பாருங்கள். கோடையில் கூழாங்கல் தெரியுமளவு தெளிந்து ஓடிய ஆறு, அன்று செங்காவியைக் கரைத்துவிட்டாற்போலப் புரண்டு வரும். புதுப்புனலைக் கண்டு மகிழ்வது நம் மரபு. ஆனால் அந்தச் செந்நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் புகுந்தால் மகிழ்ச்சி சற்றே குறையும். அது மலையின் மேல்மண். குன்னூர், கேத்திப் பக்கத்துச் சரிவுகளில் உழுது பயிரிட்ட வயல்களுக்கு அதில் உள்ள பங்கு சிறிதன்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் கனமே மண் கரைந்து போயிற்று என்று வைத்துக்கொள்வோம். நகத்தளவு கூட இல்லாத கனம் இது. வயலுக்குச் சொந்தக்காரர் காலையில் வந்து பார்த்தாலும் அவர் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் போனது 10 கன மீட்டர் மண். எடையில் 10 டன்னுக்கு மேல். ஓர் அங்குல மண் உண்டாக இயற்கைக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும்.

உழவுத் தொழிலுக்கு மூன்று கணக்குகள் உண்டு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது விளைச்சல் கணக்கு. செலவு போகக் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பது இலாபக் கணக்கு. இதே நிலம் பேரன் காலத்திலும் இதே அளவு கொடுக்குமா என்பது மூன்றாவது கணக்கு. முதல் இரண்டையும் சந்தை ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. மூன்றாவதை எழுதுவார் இல்லை. சமவெளியில் அதன் விளைவு மெல்லத் தெரியும். மலையிலோ ஒரே இரவு மழையில் தெரிந்துவிடும்.

1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மலையேறினார். அதற்கு முன்பே அங்கு வேளாண்மை இருந்தது. படகர் மக்கள் சாமையும் இராகியும் விளைவித்தனர்; சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தைப் பின்னர்த் தரிசாக விட்டு இளைப்பாறச் செய்தனர். பள்ளங்களில் சோலைக்காடுகளும் மேடுகளில் புல்வெளிகளும் இருந்து மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விட்டன. சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் வந்தன. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் குளிர், கிழங்குக்கு மிகவும் ஒத்துவந்தது. ஆண்டில் மூன்று போகம் எடுக்கவும் முடிந்தது. இப்படிப்பட்ட பயிரை எந்தக் குடியானவர்தாம் வேண்டாமென்பார்?

இடர் என்னவென்றால், உருளைக்கிழங்கு மண்ணை ஓயாமல் கிளறச் சொல்லும் பயிர். நடும்போது ஒரு முறை, மண் அணைக்கும்போது ஒரு முறை, கிழங்கைத் தோண்டும்போது மற்றொரு முறை. மழைக்காலத்தில் இவ்வாறு புழுதியாகிக் கிடக்கும் சரிவைப் பெருமழை அரித்துச் செல்வதில் வியப்பில்லை. போதாக்குறைக்குப் பாரும் சாலும் மேலிருந்து கீழாகவே பிடிப்பது வழக்கமாயிற்று. இதனை அறியாமை என்று புத்தகம் படித்தவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. கிழங்கின் அடியில் நீர் தேங்கினால் அழுகிப்போகும். ஈரம் மிகுந்தால் பின்கருகல் நோயும் பரவும். ஆகவே தண்ணீரை விரைந்து கீழே வடித்துவிட வேண்டும் என்று குடியானவர் கருதினார். அவருடைய நோக்கில் அது அறிவுள்ள செயலே. தண்ணீரோடு மண்ணும் போவதுதான் கேடு.

உதகையில் 1954-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மண்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. சரிவில் அமைத்த சோதனை வயல்களின் அடியில் தொட்டிகள் கட்டி, மழைதோறும் வந்து சேரும் நீரையும் மண்ணையும் அளந்து பார்ப்பது இத்தகைய நிலையங்களின் முறை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில் பார் பிடித்தால் மண் இழப்பு வெகுவாகக் குறைகிறது. சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்தினாலோ இழப்பு மிகச் சிறிதாகிவிடுகிறது. படிகள் வெளிப்புறம் சாயாமல் மலைப்பக்கம் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போது மழைநீர் விளிம்பில் வழியாமல் உட்பக்கத்துக் காலில் சேர்ந்து, புல் வளர்த்த வடிகால் வழியே அமைதியாக இறங்கும். கிழங்கும் அழுகாது; மண்ணும் போகாது. ஆயினும் படி வெட்டக் கூலி வேண்டும். படிகளின் செங்குத்தான பக்கங்கள் பயிருக்கு உதவா. வெட்டிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அடிமண் மேலே வந்து விளைச்சலும் குறையும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இவை சிறிய தடைகள் அல்ல.

இன்னும் கொடிய பாடத்தை 1961-ஆம் ஆண்டு கற்பித்தது. நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் தங்க நூற்புழு இருப்பது அவ்வாண்டில் கண்டறியப்பட்டது. உருளைக்கிழங்கைப் போலவே இதற்கும் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சுகிறது. பெண்புழு பருத்து, குண்டூசித் தலையளவு உருண்டையாகி வேரின் வெளியே தோன்றுகிறது. பொன்னிறம் பெற்று, பிறகு பழுப்பாகி மடிகிறது. மடிந்த உடலே கூடாகி நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. வியப்பு இனிமேல்தான். அருகே உருளைக்கிழங்கு வேர் வளர்ந்து, அதிலிருந்து கசியும் பொருள் முட்டையில் பட்டால்தான் பெரும்பாலானவை பொரிக்கும். வேர் வராவிட்டால் ஆண்டுதோறும் ஒரு பகுதி அழிய, எஞ்சியவை பல ஆண்டுகள் உறங்கிக்கிடக்கும்; இருபது ஆண்டு காத்திருக்கும் முட்டைகளும் உண்டு.

ஆகவே ஒரே நிலத்தில் போகத்துக்குப் போகம் உருளைக்கிழங்கே நடுவது, புழுவுக்குத் தவறாமல் விருந்து வைப்பதாகும். மண்ணில் மருந்து இடலாம். அதற்குச் செலவு உண்டு, மருந்து சரிவில் இறங்கி ஊற்றில் கலக்கும் அச்சமும் உண்டு. முட்டைக்கோசு, காரட், பீன்ஸ் என மாற்றுப் பயிர்கள் இட்டு, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் உருளைக்கிழங்கு நடுவதே எளிய வழி. உதகைக்கு அருகே முத்தோரையில் 1957-இல் அமைந்த உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பும் சேர்ந்து, புழுவைத் தாங்கும் 'குப்ரி சுவர்ணா' என்ற இரகம் 1985-இல் வெளிவந்தது. ஆனால் தங்க நூற்புழுவுக்கு வெளிர்நிற உறவினம் ஒன்றும் இம்மலையிலேயே இருக்கிறது. எந்த இரகத்தை நட்டாலும் பயிர்மாற்றத்தை விட்டுவிட முடியாது. இதற்கிடையே, நோய் பிற இடங்களுக்குப் பரவாதிருக்க, நீலகிரிக் கிழங்கு வெளியே விதைக்காகச் செல்வது 1971-இல் தடுக்கப்பட்டது. விதைக்கிழங்குக்குச் சந்தையில் கறிக்கிழங்கைவிட நல்ல விலை உண்டு. மூன்றாவது கணக்கை எழுதாமல் விட்டதற்கு இரண்டாவது கணக்கிலிருந்தே அபராதம் எடுக்கப்பட்டது.

உருளைக்கிழங்கைவிட்டுத் தேயிலைக்கு மாறியவர்கள் பலர். நூற்புழு அதற்கு ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. நன்கு வளர்ந்த தேயிலைச் செடிகள் தலையோடு தலை கூடி நிலத்தை மூடிவிடுகின்றன. மழைத்துளி நேரே மண்ணை அடிக்காது; ஆண்டுதோறும் கிளற வேண்டியதும் இல்லை. காட்டையும் புல்வெளியையும் அழித்துத் தேயிலை போட்டது தனிக் கணக்கு. ஆனால் உழுத வயலோடு ஒப்பிட்டால் மண்ணுக்குத் தேயிலை நல்ல காவல். நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகள்தாம் ஆபத்தானவை. அப்போது வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, இடையில் புல் வளர்த்து அறுத்து மூடாக்கு இட வேண்டும். பிறகு கவாத்து செய்யும்போது விழும் கிளைகளையும் இலைகளையும் விறகுக்கு எடுத்துச் செல்லாமல் தோட்டத்திலேயே விட வேண்டும்.

சிறு தேயிலை விவசாயிகளுக்காகக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1960-களில் எழுந்தன. கொழுந்துக்கு நல்ல விலை கிடைத்தது. சோவியத் நாடு பெருமளவு வாங்கிக்கொண்டிருந்தவரை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்காமல் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தாலும் விற்றது. விளைச்சல் கணக்கு ஏறியது, தரம் இறங்கியது. 1991-இல் அந்நாடு கலைந்தது. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, ஒரே பயிரை நம்பியிருந்த வீடுகள் தத்தளித்தன. ஆகையால் மண்ணைக் காக்கும் பயிரும் வீட்டைக் காக்காமல் போகலாம். விலை விழுந்தபின் சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டார்கள். மழைக்காலத்தில் மறுபடியும் வெறும் மண். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

படி வெட்டும் செலவு கேத்தியில் உள்ள ஓர் ஏக்கர்க்காரருடையது. அந்தப் படி தடுத்து வைக்கும் மண் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் போய்ப் படியாமல் நிற்கிறது. 1955-இல் முடிந்த அந்த அணையை நம்பி, கோபிசெட்டிபாளையம் பக்கத்திலும் அதற்கு அப்பாலும் இரண்டு இலட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. அந்த உழவர்கள் கேத்தியின் படிகளைப் பார்த்ததில்லை. அவற்றுக்கு ஒரு காசு கொடுத்ததும் இல்லை. 1970-களின் நடுவில் தொடங்கிய மலைப்பகுதி வளர்ச்சித் திட்டத்தின்வழி அரசு, மண் காப்புக்குப் பணம் தந்தது. அப்பணத்தில் கட்டிய சுவர்களை ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். சுவரில் ஒரு கல் பெயர்ந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டியவர், மழை விட்டதும் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிற அந்த ஓர் ஏக்கர்க்காரரே.