மொன்றியல் மண்ணுக்கு எப்போது சித்திரை?

ஏப்ரல் 14 அன்று பொங்கல் பொங்கி, பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்து முடிந்ததும், மொன்றியலில் நம்மவர் பலர் பின்வளவை எட்டிப் பார்ப்பார்கள். வேலியோர நிழலில் அழுக்கேறிய பனி கொஞ்சம் கிடக்கும். மற்ற இடமெல்லாம் மண் வெளியே தெரிந்து, வெயிலில் கறுத்து மின்னும். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்திருந்த கை மண்வெட்டியைத் தேடும். அன்றைக்கு மட்டும் அந்த மண்ணை மிதிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

காரணம் களிமண். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, அட்லாண்டிக் கடல் உள்ளே புகுந்து மொன்றியல் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கை மூடியது. புவியியலாளர் அதைச் சாம்பிளேன் கடல் என்பார்கள். அது படியவிட்ட களியில் திமிங்கில எலும்புகள்கூடக் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழை விட்டதும் நீர் இறங்கிவிடும். இங்கே களி நீரை விடாது.

அந்த நீர்தான் மாரி முழுக்க நமக்காக உழுகிறது. உறையும்போது நீர் 9 சதவீதம் அளவுக்கு விரியும். மண்ணுக்குள் மெல்லிய பனித்தகடுகள் உருவாகி, சுற்றிலுமுள்ள ஈரத்தை இழுத்துத் தடிக்கும். கட்டிகள் வெடித்துப் பொலபொலவென்று ஆகும். ஏப்ரலில் ஈரத்தோடு மிதித்தால் அந்த உழவு ஒரே நாளில் வீணாகி, காற்றுப் போகும் துளைகள் அடைந்து, ஜூலையில் செங்கல்லாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் இறங்கலாம். உதிராவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

வெயில் இப்படி எறிக்கிறதே, மண் ஏன் சூடாகவில்லை? 1 கிராம் பனிக்கட்டியை வெறுமனே கரைக்கச் செலவாகும் வெப்பம், அந்த நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. ஏப்ரல் வெயிலில் பெரும்பகுதி இப்படிக் கரைப்பதிலும் உலர்த்துவதிலுமே தீர்ந்துவிடுகிறது. மேட்டுப்பாத்தி கட்டினால் நீர் வடிந்து மண் முந்திச் சூடாகும். அதன்மேல் மட்கு பரப்பினால் போதும், கொத்திப் புரட்டத் தேவையில்லை. சருகையும் காய்ந்த தண்டுகளையும் அவசரப்பட்டுக் கூட்டி அள்ள வேண்டாம். உள்ளீடற்ற தண்டுகளில் சின்னத் தேனீக்கள் இன்னும் உறங்குகின்றன. தோட்டத்துப் பூக்களுக்கு அவையும் வரவேண்டுமே.

விதைக்கும் நாளை நான் நாட்காட்டியில் பார்ப்பதில்லை. காலையில் வெப்பமானியை ஒரு விரல் ஆழத்தில் குத்திப் பார்ப்பேன். 5 பாகையிலேயே பட்டாணி மெல்ல முளைக்கும். பயற்றை அந்தக் குளிரில் அழுகிவிடும். வெண்டிக்கு 20 பாகையாவது வேண்டும். மார்ச் நடுவில் வீட்டுக்குள் முளைக்கப்போட்ட கத்தரி, மிளகாய் நாற்றுகளை, வெளியே வெயிலும் காற்றும் பழக்கிய பிறகு, மே 25க்கு முந்திய திங்களோடு வரும் நீண்ட விடுமுறையில்தான் கியூபெக்கில் பலர் நடுவார்கள். உறைபனி ஓய்ந்துவிடும் காலம் அது.

இவ்வளவு பார்த்துச் செய்தும் அவரை பலரைக் கைவிடுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த விதை வேலி முழுக்கப் படரும், இலை செழிக்கும், ஒரு பூ வராது. எரு போதவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். தவறு எருவில் இல்லை. கொடியவரை இருளின் நீளத்தை அளக்கும் செடி. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி அதற்குத் துணை. இரவு நீண்டால்தான் அது பூக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடி, பொழுது குறுகும் மாதங்களில் பூத்துக் காய்க்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணிநேரத்துக்குச் சற்றே அதிகம். அந்தச் சிறு மாற்றத்தையே கண்டுகொள்ளப் பழகிய செடியை, ஜூன் பகல் 15 மணி 40 நிமிடம் நீளும் ஊரில் நட்டால் என்ன செய்யும்? செப்டம்பர்வரை காத்திருக்கும். மொட்டு விடும்போது அக்டோபர் உறைபனி வந்துவிடும்.

ஆகவே வசந்த வேலையில் முதல் வேலை விதையைத் தெரிவுசெய்வது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை இரகங்கள் தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்டிருக்கின்றன; அவை இங்கே பொருந்தும். அம்மாவின் கொடியவரைதான் வேண்டும் என்பவர்கள் மே மாதமே ஒரு விதையைத் தொட்டியில் ஊன்றுங்கள். ஜூலை பிறந்ததும் மாலை ஆறு மணிக்குக் கறுப்புப் பெட்டியால் செடியை மூடி, காலை எட்டு மணிக்குத் திறவுங்கள். ஒரு நாளும் தவறக்கூடாது. வெளியே கோடை எரியும்போது, பெட்டிக்குள் அதற்கு மார்கழி.