கண்ணன் தேவன் யார்?

தேயிலைப் பொட்டலத்தின்மேல் ‘கண்ணன் தேவன்’ என்ற பெயரைக் கண்ட நம்மில் பலர், அதை யாரோ ஒரு கம்பெனி முதலாளியின் பெயரென்றே எண்ணியிருப்போம். அஞ்சுநாட்டு ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் அது என்பர். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் வழியில், மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்த, தமிழ் வழங்கும் மலைநாடே அஞ்சுநாடு.

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு வேலை எளிது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தேவாலயந்தோறும் பதிந்து வைக்க 1538இலேயே ஆணை பிறந்துவிட்டது. உழவன் வீட்டுக் குழந்தையின் பெயரும் ஏட்டில் ஏறியது. நம் மலைகளில் நிலைமை வேறு. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இம்மலைகளைப் பெற்றதற்குப் பத்திரம் உண்டு. 1894இல் மூணாற்றில் காலராவுக்கு இரையான ஆங்கிலப் பெண்மணிக்குக் கல்லறை உண்டு. மலைக்கே பெயர் தந்த தலைவரோ செவிவழிச் செய்தியில்தான் வாழ்கிறார்.

ஆகவே கல்லையும் பெயரையும் வாய்மொழியையுமே நாம் நாடவேண்டும். மறையூர்ப் பாறைகளின்மீது, பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் இட்ட அறைகள் உள்ளன. முனிவர்கள் தவமிருந்த ‘முனியறை’ என்பர் ஊரார். பெருங்கற்கால ஈமச் சின்னம் என்பர் ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சியாளர் கூற்றே சரி. ஆயினும் ஊரார் கூற்றும் பயனற்றதன்று. பின்னர் வந்து குடியேறியோர், தமக்கு முன்பே அங்கு நின்ற கற்களைக் கண்டு வியந்ததன் சுவடு அது.

ஊர்ப்பெயருக்கும் இருவேறு விளக்கங்கள் உண்டு: பாண்டவர் மறைந்திருந்த ஊர், மலை மழையை மறைக்கும் ஊர். மறையூரில் மழை குறைவென்பது மெய்யே. ஆனால் பொருந்துவதாலேயே ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் ஆசை நம்மவருக்குச் சற்று மிகுதி.

மதுரைச் சீமையிலிருந்து போருக்கு அஞ்சி மலையேறியவர் தம் முன்னோர் என்ற கதையும் அங்கு வழங்குகிறது. இதைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு குடும்பத்தின் குலதெய்வமும் சமவெளியில் எந்த ஊரில் உள்ளதென்று கேட்டுப் பார்க்கலாம்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் அது ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ எனப்பட்டது. அதை நேரில் கண்டு சொல்ல இன்று ஆளில்லை. கண்டவர் சொல்லக் கேட்டவர்கள் இருக்கின்றனர்; அவர்களும் முதியோரே. விடுமுறையில் ஊர் செல்லும் நேயர்கள் குறிப்பேடு ஒன்றைக் கையோடு கொண்டு செல்வார்களாக. கதையை மட்டும் எழுதினால் போதாது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எழுதிய நாள் யாது என்பனவும் உடன் எழுதப்படல் வேண்டும்.