கொழும்பில் போட்ட கையெழுத்து... ஸ்ரீபெரும்புதூரில் நிற்கும் தூண்கள்!

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகும். உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் செல்போனில். ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கும் ஊரைத்தான் கடக்கிறோம் என்ற நினைப்பே பலருக்கு இருக்காது. இருபதுகளில் இருக்கும் அந்தப் பிள்ளைகள் யாரும் 1991 மே 21 இரவில் பிறந்திருக்கவே இல்லை.

அன்று தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ், விடுதலைப் புலிகள் அனுப்பிய மனித வெடிகுண்டுக்குப் பலியானார். பாதுகாப்புக்கு நின்ற போலீஸாரும் கட்சிக்காரர்களும் உடன் இறந்தார்கள். நினைவிடத்தில் உள்ள ஏழு தூண்களில் ஒன்று அமைதியைக் குறிப்பது. ஆனால், இந்தக் கதையின் நடுவிலும் ஓர் அமைதி ஒப்பந்தம்தான் இருக்கிறது.

திம்புவில் வைத்த நான்கு கோரிக்கைகள்

1983 கலவரத்துக்குப் பிறகு, இந்தியாவின் முயற்சியில் 1985-ல் பூடான் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தை நடந்தது. இலங்கை அரசிடம் ஆறு தமிழ் அமைப்புகள் சேர்ந்து கேட்டவை நான்கு: தமிழர்கள் ஒரு தேசிய இனம், அவர்களுக்கு ஒரு தாயகம், சுயநிர்ணய உரிமை, மலையகத் தமிழர் உட்பட எல்லோருக்கும் குடியுரிமை.

சுயநிர்ணயம் என்றால், ஒரு மக்கள் தங்கள் அரசியல் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்வது. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்க அதிபர் வில்சன் உலகறியச் செய்த கருத்து இது. அதன் பேரில் ஐரோப்பாவில் புதிய நாடுகள் பிறந்தன. இந்தியா போன்ற காலனி நாடுகளுக்கு அன்று அது கிடைக்கவில்லை. திம்புவிலும் இலங்கை அரசு ஏற்கவில்லை.

கையெழுத்து யாருடையது?

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ் ஆட்சிமொழி, மாகாண சபை, வடக்கு - கிழக்கு தற்காலிக இணைப்பு எல்லாம் இருந்தன. 'சுயநிர்ணயம்' என்ற சொல் இல்லை. தமிழர் தரப்பின் கையெழுத்தும் இல்லை. மறுநாளே, அணிவகுப்பில் நின்ற சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். அக்டோபரில், அமைதி காக்கப் போன இந்தியப் படையும் புலிகளும் போரில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், ஈழத்துப் பொதுமக்கள் பலரும் மாண்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. அடுத்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர்.

ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான வரி உண்டு. இணைப்பு தொடரலாமா என்று கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்கிறார்கள். 'தானே முடிவு செய்வது' என்றால், அந்தத் 'தான்' யார் என்ற கேள்வி அது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது.

நான்கு கோரிக்கைகளில் மலையகத் தமிழரின் குடியுரிமைக்கு 2003-ல் சட்டம் வந்தது. 2009-ல் போர் முடிந்தது. ஒப்பந்தம் தந்த மாகாண சபைகளுக்கோ பல ஆண்டுகளாகத் தேர்தலே இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாயிரம் ஈழத்தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை அந்த வழியாகப் போனால், ஒரு நிமிடம் இறங்கி அந்தத் தூண்களைப் பாருங்கள். யாருக்காகப் போட்ட ஒப்பந்தமோ, அவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.