கெத்தும்: ஆய்வுக்கூடத்திலும் பாக்கெட்டிலும்

கெத்தும், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். கெடா, பெர்லிஸ், பினாங்கு உள்ளிட்ட மலேசிய வடபகுதியிலும் தென்தாய்லாந்திலும் ஈரமண்ணில் ஓங்கி வளரும். வெளிநாடுகளில் ‘கிராத்தம்’ என்றால்தான் தெரியும். வயலிலும் படகிலும் உடல் நோக உழைப்பவர்கள் களைப்புக்கும் வலிக்கும் இதன் இலையை மெல்வதும் காய்ச்சிக் குடிப்பதும் தலைமுறைகளாக உள்ள வழக்கம். அபின் பழக்கத்தைக் கைவிட இந்த இலை உதவுவதாக, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி 1897-லேயே எழுதினார்.

இலையின் முதன்மை வேதிப்பொருள் மித்ரகைனின். மார்ஃபின் போய் ஒட்டும் அதே மூளை ஏற்பிகளில்தான் இதுவும் ஒட்டுகிறது, ஆனால் அவற்றை அரைகுறையாகவே தூண்டுகிறது. கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, அதிகமானால் மயக்கம் என்று இரண்டு முகம் காட்டும். கல்லீரல் மித்ரகைனினின் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்ஸி மித்ரகைனினாக மாற்றுகிறது. இது மூலப்பொருளைவிடப் பல மடங்கு வீரியமானது.

கெத்தும் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு பினாங்கிலிருந்து போனது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்தில் உள்ள போதைப்பொருள் ஆய்வு மையம், பேராசிரியர் விக்னசிங்கம் தலைமையில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 2020-ல் வெளியானது. 26 ஆண்களுக்குக் கெத்தும் கஷாயமும் அதைப் போலவே தோன்றும் வெறும் பானமும் மாற்றி மாற்றித் தரப்பட்டன. எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. பிறகு பனிக்கட்டி மிதக்கும் நீரில் கையை முக்கி, வலி பொறுக்காமல் எடுக்கும்வரை நேரம் கணக்கிட்டார்கள். கெத்தும் குடிப்பதற்குமுன் சராசரியாக 11 வினாடி தாங்கியவர்கள், ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 25 வினாடி தாங்கினார்கள். கிராமத்து நம்பிக்கைக்கு முறையான மனிதச் சோதனையில் கிடைத்த ஆதாரம் இது. ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்காரருக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு இந்தச் சோதனையில் விடை கிடையாது. கெத்துமிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் மலேசியாவிலோ அமெரிக்காவிலோ இதுவரை இல்லை.

அதே மையம் கசப்பான பக்கத்தையும் பதிவு செய்திருக்கிறது. வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 293 பேரை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தனர். நிறுத்தியவர்களுக்குத் தசைவலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பசியின்மை. ஹெராயின் அளவுக்கு வாட்டாது என்பது உண்மை. ஆனாலும் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவரை மீண்டும் கெத்தும் பாக்கெட்டைத் தேட வைக்க இது போதும். தொடர்ந்து குடிப்பவர்களிடம் இதயத்துடிப்பு மிகுவது கண்டறியப்பட்டுள்ளது. கல்லீரல் பாதிப்பும் வலிப்பும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கர்ப்பிணி குடித்தால், பிறந்த குழந்தைக்கே நிறுத்தல் அறிகுறிகள் வரக்கூடும்.

கடைசியில் கைக்கு வருவது ஆய்வகக் கஷாயம் அல்ல, பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்ட கெத்தும் தண்ணி. எத்தனை இலை, எவ்வளவு நேரம் காய்ச்சியது, வேறென்ன கலந்தது என்பது காய்ச்சியவருக்கே வெளிச்சம். கசப்பு தெரியாமலிருக்க கோலாவும், போதை ஏற இருமல் மருந்தும் சேர்ப்பது எல்லைப் பகுதியில் அறிந்த வழக்கம். பெரும் ஆபத்து இந்தக் கலவையில்தான். மது, தூக்க மாத்திரை, ஹெராயின் போன்றவற்றோடு சேரும்போது மூச்சு மந்தமாகிறது. கெத்தும் தொடர்பாக அமெரிக்காவில் பதிவான இறப்புகளில் பெரும்பாலானவற்றில் வேறு பொருள்களும் உடலில் இருந்தன. வேறு சில மாத்திரைகளைக் கல்லீரல் உடைப்பதையும் கெத்தும் தடுக்கிறது. ஆகவே மனநல மாத்திரையோ வலி மாத்திரையோ எடுப்பவர் இதை மருத்துவரிடம் மறைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

மலேசியாவில் மித்ரகைனின், 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் மனநிலையைப் பாதிக்கும் பொருள். அனுமதியின்றி வைத்திருந்தாலோ விற்றாலோ 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மரம் வீட்டோரம் நிற்கிறது, ஆகவே இலைக்குத் தடையில்லை என்ற எண்ணம் பலரை வழக்கில் மாட்டிவிடுகிறது. இன்னொரு பொறி தென்தாய்லாந்து நகரமான ஹாட்யாய். தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே சந்தையில் தாராளமாகக் கிடைப்பதை பையில் போட்டு புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியைத் தாண்டினால் இங்கே குற்றம்.

கைதானவருக்கும் உரிமைகள் உண்டு. அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவுப்படி, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை அணுக விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள இத்தகைய குற்றத்தில் தடுப்புக்காவல் முதலில் 4 நாள், அடுத்து 3 நாள், அதற்கு மேல் கிடையாது. தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மலேசியக் குடிமக்கள், தேசிய சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்.பி.ஜி.கே.வின் உதவியைக் கேட்கலாம்.

பழக்கத்தை விட நினைப்பவர் போலீசார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யிடம் தாமாகவே போய்ச் சிகிச்சை கேட்க வழியுண்டு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும் அணுகலாம். கெத்தும் அடிமைத்தனத்துக்கென்று தனி மருந்து இல்லை. ஆகவே மருத்துவர்கள் அறிகுறிகளைத் தணித்து, அளவைப் படிப்படியாகக் குறைக்கவைத்து, ஆலோசனையும் தருகிறார்கள். பல ஆண்டுகள் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்திப் பார்ப்பதைவிட இது தாங்கக்கூடியது.

குடித்தவர் எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், மூச்சு மெதுவானால், வலிப்பு வந்தால் 999-ஐ அழைக்க வேண்டும். வாந்தி தொண்டையில் சிக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பாக்கெட்டைக் கொட்டிவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் எதைக் குடித்தார் என்று கண்டறிய உதவும். அபினுக்கான வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் மித்ரகைனின் பெரும்பாலும் சிக்காது. இத்தகைய நேரத்தில் மருத்துவர்கள் ஆலோசனை கேட்கும் தேசிய நச்சு மையம் இருப்பதும் அதே மின்டன் வளாகத்தில்தான்.