யானைக்கு இத்தனை பெரிய காதா?

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு சின்ன விளையாட்டு!

உங்கள் நண்பனிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். "ஓர் இயற்கைக் காட்சி வரைந்து கொடுடா" என்று கேளுங்கள். அவன் என்ன வரைவான் தெரியுமா? நாங்கள் இங்கிருந்தே சொல்லிவிடுகிறோம்! இரண்டு மலைகள். நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து வளைந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. பக்கத்தில் சாய்ந்த தென்னை மரம். வானத்தில் 'டிக்' அடித்தது போல நாலு பறவைகள். சரிதானே?

உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. உங்கள் நண்பனும் அப்படி ஓர் இடத்தைப் பார்த்திருக்க மாட்டான். பிறகு ஏன் அதை வரைந்தான்? எந்த இடம், என்ன நேரம், யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால் கைக்குப் பழகியதை வரைந்து கொடுத்துவிட்டான்!

நாம் எழுதிக் கொடுப்பதைப் படித்துப் படம் உருவாக்கும் ஏ.ஐ. கருவிகள், அதாவது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டன. அவையும் ஏறக்குறைய உங்கள் நண்பனைப் போலத்தான். நாம் சொல்லாமல் விட்டதை எல்லாம், பழக்கத்தை வைத்து நிரப்பிவிடும்.

மணி என்ன? எப்போதும் 10.10!

கைக்கடிகார விளம்பரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மணி 10.10 காட்டும். இரண்டு முட்களும் இரு பக்கமும் அழகாக விரிந்து நிற்கும். 12-க்குக் கீழே உள்ள கம்பெனிப் பெயரையும் மறைக்காது. அதற்காகத்தான் அப்படி வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

இப்போது ஏ.ஐ. கருவியிடம், "மாலை 5.30 காட்டும் கடிகாரம் வேண்டும்" என்று கேட்டால் என்ன ஆகும்? பல கருவிகள் 10.10 காட்டும் கடிகாரத்தையே வரைந்து நீட்டியிருக்கின்றன! அவை பார்த்துப் படித்த கடிகாரங்களில் மிகப் பல 10.10 காட்டியதுதான் காரணம்.

எப்படி வரைகிறது?

இந்தக் கருவிகளுக்கு ஏராளமான படங்களையும், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற குறிப்பையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். 2022-ல் வெளிவந்த 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்ற கருவிக்கு, 585 கோடி படங்களும் குறிப்புகளும் அடங்கிய ஒரு பெரிய தொகுப்பிலிருந்து எடுத்தவற்றைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். (அவற்றில் பல, ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் உழைத்து உருவாக்கியவை. "எங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டார்களே!" என்று அவர்களில் சிலர் 2023-ல் நீதிமன்றம் போனார்கள்.)

பயிற்சி வேடிக்கையானது. ஒரு நல்ல படத்தின் மேல் மணலைத் தூவுவது போலப் புள்ளிகளைத் தூவுகிறார்கள். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... கடைசியில் படமே தெரியாது, வெறும் புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளை நீக்கி, படத்தைத் திரும்பக் கொண்டு வருவது எப்படி என்று கம்ப்யூட்டர் கற்றுக் கொள்கிறது.

பிறகு நீங்கள் "யானை" என்று எழுதியதும், அது வெறும் புள்ளிக் குவியலில் தொடங்கி, "இதற்குள் ஒரு யானை இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கணக்குப் போட்டு, புள்ளிகளைப் படிப்படியாக விலக்குகிறது. யானை வெளியே வருகிறது! எல்லாக் கருவிகளும் இதே முறையில் வேலை செய்வதில்லை. ஆனால் எல்லாமே படங்களைப் பார்த்துப் பழகியவைதான். எந்தக் கருவியும் காட்டுக்குப் போய் யானையைப் பார்த்தது கிடையாது.

சரி, யானையையே எடுத்துக் கொள்வோம்

உங்கள் வகுப்புச் சுவரில் ஒட்ட "முதுமலை யானைகள்" என்று ஓர் அட்டை தயாரிக்கிறீர்கள். ஒரு படம் வேண்டும். "காட்டில் யானை" என்று மட்டும் எழுதினால் என்ன வரும்? முறம் போல அல்ல, அதைவிடப் பெரிய காதுகளோடு ஓர் ஆப்பிரிக்க யானை வந்து நிற்கலாம்! படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதுமலையில் ஆப்பிரிக்க யானைக்கு என்ன வேலை? அந்த அட்டையைப் பார்க்கும் உங்கள் தோழர்கள் அத்தனை பேரும், நம் ஊர் யானை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கொள்வார்களே!

ஆகவே, கருவியைத் தொடும் முன்பு ஒரு வேலை இருக்கிறது.

முதல் வேலை: நீங்கள் பாருங்கள்!

யானையைப் பற்றிப் படியுங்கள். உண்மையான புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். நம்முடைய ஆசிய யானைக்குக் காது சிறியது. நெற்றியில் இரண்டு மேடுகள் இருக்கும். முதுகு வளைந்து மேடாக இருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு முதுகின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். தும்பிக்கை நுனியில் விரல் போன்ற சதை, ஆசிய யானைக்கு ஒன்று. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. ஆப்பிரிக்க யானைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் பெண் யானைகளுக்கு வெளியே நீண்டு தெரியும் தந்தம் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தால்தான் நீங்கள் சரியாகக் கேட்க முடியும். வந்த படம் தப்பா, சரியா என்று சொல்லவும் முடியும். தெரியாவிட்டால், கருவி கொடுத்ததை வாங்கிக் கொண்டு வர வேண்டியதுதான்!

இரண்டாவது வேலை: முழுசாகச் சொல்லுங்கள்!

ஆறு கேள்விகளை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். யார்? என்ன செய்கிறார்? எங்கே? எந்த நேரம்? எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்? பென்சில் ஓவியமா, வண்ண ஓவியமா, புகைப்படம் போலவா?

இப்போது நம் யானையை இப்படிக் கேட்கலாம்: "ஒரு பெண் ஆசிய யானை, தன் குட்டியோடு மோயாற்றில் குளிக்கிறது. சிறிய காதுகள், இரண்டு மேடுகள் உள்ள நெற்றி, மேடான முதுகு. காலை நேர வெளிச்சம். கரையிலிருந்து, பக்கவாட்டில் பார்ப்பது போல. வாட்டர் கலர் ஓவியம்."

பார்த்தீர்களா! வெறும் "யானை" எங்கே, இது எங்கே! தமிழில் எழுதி, சரியாக வரவில்லை என்றால், அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பல கருவிகள் ஆங்கிலக் குறிப்புகளை அதிகமாகப் படித்தவை.

"அழகான", "சூப்பரான", "பிரமாதமான" என்றெல்லாம் எழுதுவதால் பெரிய பயன் இல்லை. எது அழகு என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைச் சொல்லுங்கள். "அழகான காலை" என்பதைவிட, "ஆற்றின் மேல் பனி மூட்டம், மரங்களுக்கு இடையே மஞ்சள் வெயில்" என்பது மேல்.

குரங்கை நினைக்காதே!

"மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே" என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. அப்படிச் சொன்ன பிறகு, மருந்துப் பாட்டிலைத் தொட்டாலே குரங்குதான் நினைவுக்கு வரும்!

பல ஏ.ஐ. கருவிகளுக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது. "ஆற்றில் படகு வேண்டாம்" என்று எழுதினால், 'படகு' என்ற சொல்லைப் பிடித்துக் கொண்டு ஒரு படகை மிதக்க விட்டுவிடும். ஆகையால் வேண்டாததைச் சொல்லாமல், வேண்டியதைச் சொல்லுங்கள். "படகு வேண்டாம்" என்பதற்குப் பதில் "ஆற்றில் யானையும் குட்டியும் மட்டும்" என்று எழுதலாம்.

மூன்றாவது வேலை: பொறுமை!

முதல் படமே சரியாக வந்துவிடாது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், எதனால் படம் மாறியது என்று தெரியாமல் போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் காது, பிறகு வெளிச்சம், பிறகு வண்ணம்.

2022-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பொருட்காட்சியில், ஜேசன் ஆலன் என்பவர் 'மிட்ஜர்னி' என்ற கருவியால் உருவாக்கிய படம் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. அந்தப் படத்துக்காகக் குறைந்தது 624 முறை சொற்களை மாற்றிக் கொடுத்துப் பார்த்ததாக அவர் தெரிவித்தார். நாம் நாலு தடவையில் சலித்துக் கொள்ளலாமா?

ஆனால் ஓர் இடி! 2023-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தப் படத்தைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. கருவி உருவாக்கிய பகுதி மனிதரின் படைப்பு ஆகாது என்பது அது சொன்ன காரணம்.

நான்காவது வேலை: எண்ணிப் பாருங்கள்!

படம் வந்ததும் ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போலத் திருத்துங்கள். யானைக்குக் கால் நாலுதானா? பாகன் கையில் விரல் ஐந்துதானா, ஆறா? நிழல் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விழுகிறதா? பலகையில் தமிழ் எழுத்து இருந்தால் அது எழுத்தா, கோழிக் கிறுக்கலா? தலைப்பை எல்லாம் உங்கள் கையாலேயே எழுதிவிடுவது நல்லது!

ஐந்தாவது வேலை: உண்மையைச் சொல்லுங்கள்!

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. 2023-ல் சோனி உலகப் புகைப்படப் போட்டியில், ஜெர்மனியைச் சேர்ந்த போரிஸ் எல்டாக்சன் என்ற கலைஞரின் படம் ஒரு பிரிவில் பரிசுக்குத் தேர்வானது. இரண்டு பெண்கள் இருக்கும், பழைய காலத்து கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போன்ற படம். அவர், "இது ஏ.ஐ. உருவாக்கியது, புகைப்படத்தோடு இது போட்டி போடக் கூடாது" என்று சொல்லி, பரிசை வேண்டாம் என்றுவிட்டார்!

அடுத்த ஆண்டே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2024-ல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர், ஏ.ஐ. படங்களுக்கான ஒரு போட்டிப் பிரிவுக்கு, தாம் கேமராவில் எடுத்த உண்மையான படத்தை அனுப்பினார். அதில் ஒரு பூநாரை, தலையே தெரியாமல், இளஞ்சிவப்புப் பந்துக்குக் கால் முளைத்தது போல நிற்கும்! நடுவர்களிடம் மூன்றாம் பரிசும், மக்கள் வாக்கில் பரிசும் கிடைத்தன. உண்மை தெரிந்ததும் படத்தைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இயற்கை செய்யும் விந்தையை எந்தக் கருவியும் மிஞ்சிவிடவில்லை என்று காட்டவே அப்படிச் செய்தார் அவர்.

நடுவர்களே ஏமாறும்போது, உங்கள் அட்டையைப் பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஆகையால் படத்தின் கீழே, "இது ஏ.ஐ. உருவாக்கிய படம்" என்று எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஓர் உண்மையான புகைப்படமும் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் கேளுங்கள். நண்பர்களின் போட்டோவையோ, உங்கள் போட்டோவையோ இந்தக் கருவிகளில் போட வேண்டாம். விளையாட்டுக்கு என்று செய்த படம், ஒருவரை அழ வைத்துவிடும். இந்தக் கருவிகளுக்கு வயது வரம்பும் உண்டு. சிலவற்றுக்கு 13, சிலவற்றுக்கு 18. அதனால் அப்பா, அம்மா அல்லது ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் முறை!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வாசலுக்குப் போய், உங்கள் வீட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். கதவு என்ன நிறம்? எங்கே காரை பெயர்ந்திருக்கிறது? சைக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? பாட்டி எந்தப் படியில் உட்கார்ந்து பூ கட்டுவார்?

அதையெல்லாம் பத்து வரியில் எழுதுங்கள். அந்தத் தாளைத்தான் கருவியிடம் கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால், அதை வைத்து நீங்களே ஒரு படம் வரைந்து பாருங்கள். கோடு கோணலாக இருந்தால் என்ன? இரண்டு மலையும் நடுவில் சூரியனும் இல்லாத படமாக அது இருக்கும். 585 கோடி படங்கள் அடங்கிய தொகுப்பில் தேடினாலும் கிடைக்காத, உங்கள் வீட்டுப் படம்!