வறட்சி சொல்லிக்கொண்டுதான் வருகிறது
பழனி மலை வட்டார வணிகர்களின் கவனத்திற்கு

தீயும் வெள்ளமும் சொல்லாமல் வருபவை. வறட்சி அப்படியல்ல. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தால் சித்திரையில் என்ன நிலைமை இருக்கும் என்பது தைப்பொங்கலன்றே ஓரளவு தெரிந்துவிடும். இடையில் நமக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது. நம்மில் பலர் அந்த மூன்று மாதத்தையும் வழக்கம்போல் வியாபாரம் செய்தே கழித்துவிடுகிறோம். பிறகு வசூலும் இல்லாமல், சரக்கும் இல்லாமல் திண்டாடுகிறோம்.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதோ அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னர்தான். அறிவிப்புக்கும் விலையேற்றத்திற்கும் நடுவே இருந்த காலம்தான் நாம் திட்டமிட வேண்டிய காலம்.

மழை மலைக்கு ஏன் தட்டுப்பாடு?

கொடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கீழே பழனி, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் ஏறத்தாழ அதில் பாதிதான். அப்படியிருந்தும் கொடைக்கானலில் கோடையில் தண்ணீருக்கு அல்லாட வேண்டியிருக்கிறது. மலையில் பாறைமேல் மண் கனம் குறைவு, சரிவு அதிகம். பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். அதைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிட்டவை சோலைக்காடுகளும் புல்வெளிகளுமே. 1973க்குப் பிந்தைய நாற்பதாண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்திற்கும் போய்விட்டது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது.

இம்மலைத் தண்ணீரை நம்பியிருப்பது கொடைக்கானல் மட்டுமல்ல. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி, மஞ்சளாறு ஆகிய அணைகள் அனைத்திற்கும் இங்கிருந்துதான் நீர் வருகிறது. பெரியகுளம் நகரின் குடிநீருக்குப் பேரிஜம் ஏரியே ஆதாரம். மேலே மழை குறைந்தால் கீழேயுள்ள சந்தைகளும் சேர்ந்தே வாடும்.

முன்கூட்டி அறிவது எப்படி?

தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876-78 பஞ்சத்திற்குப் பிறகு, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. மழை அளவும் அணைகளின் நீர்மட்டமும் நாளிதழிலேயே வருகின்றன. டிசம்பர் இறுதியில் இரண்டையும் குறித்துக்கொண்டு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் போதும். பருவமழை 26 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் வானிலைத் துறைக் கணக்கில் அது வறட்சி. 50 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 'எல் நினோ ஆண்டு' என்று செய்தி வந்தவுடன் நம்மவர்கள் பதறுகிறார்கள். எல் நினோ பெரும்பாலும் கெடுப்பது தென்மேற்குப் பருவமழையை. நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை அத்தகைய ஆண்டுகளில் பல முறை நன்றாகவே பெய்திருக்கிறது.

எந்தச் சரக்கு, எப்போது?

எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுவதில்லை. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் போன்ற மலைக்காய்கறிகள் சில வாரங்களிலேயே குறையும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வரத்து குறைந்தால் கேரளத்திற்குப் போகும் லோடும் குறையும். மழையை நம்பி விளையும் மலைவாழைக்குப் பாதிப்பு அதைவிடத் தாமதமாகத் தெரியும். மலைப்பூண்டு நெடுநாள் தாங்கும் சரக்கு என்பதால் பழைய இருப்பு சில மாதங்கள் கைகொடுக்கும்.

தேங்காயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆகவே இவ்வாண்டு வறட்சியின் விளைவு அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் தெரியும். மழை வந்துவிட்டது, தேங்காய் விலை இறங்கிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

பருப்பு வகைகளுக்கு நம் ஊர் மழை கணக்கே அல்ல. 2015 இறுதியில் தமிழகத்தில் அடைமழை கொட்டியது. அதே சமயத்தில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை நெருங்கியது. வடக்கே தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்ததன் விளைவு அது.

தெரிந்து வாங்கி வைப்பது வேறு, பதுக்குவது வேறு. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி அரசு அவ்வப்போது இருப்பு வரம்பு விதிக்கிறது. வழக்கமான வாடிக்கையாளர்களின் தேவைக்கு ஏற்ற இருப்பு, அதற்குரிய பில், ஒழுங்கான இருப்புப் பதிவேடு, இவை இருந்தால் எந்த அதிகாரி வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

பற்றுக் கணக்கே பெரிய ஆபத்து

மளிகைக் கடைக்காரரை வறட்சி வீழ்த்துவது விலையால் அல்ல, கடனால்தான். அறுவடையில் தருகிறேன் என்ற சொல்லை நம்பி மாதக்கணக்கில் சரக்கு கொடுக்கிறோம். விளைச்சல் இல்லாவிட்டால் வசூல் இல்லை. மொத்த வியாபாரியோ தவணை தவறாமல் கேட்பார். வைகாசியில் போய் அவரிடம் அவகாசம் கேட்டால் அவர் கையிலும் பணம் இருக்காது. தை மாதத்திலேயே நிலைமையைச் சொல்லித் தவணையை நீட்டிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

தலைமுறையாக வரும் குடும்பங்களுக்குத் திடீரென்று கடனை நிறுத்துவதும் முறையல்ல. அவர்கள் கடையை மறந்தால் மழை வந்த பிறகும் திரும்ப மாட்டார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்புக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துப் பற்றில் கொடுக்கலாம். மற்றவற்றை ரொக்கத்திற்கு விற்கலாம். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். கடைசித் தேதிக்கு முன் சேர்ந்துவிடும்படி நம் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால், அவருக்கும் நமக்கும் நல்லது.

கடைக்குத் தண்ணீர்

மலையில் சீசன் சித்திரை, வைகாசியில். தண்ணீர் மிகக் குறைவதும் அப்போதுதான். வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் டீக்கடையும் உணவு விடுதியும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தால் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் என்றால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1 லட்சம் லிட்டருக்கு மேல் தேறும். மழை பொய்த்த ஆண்டில் பாதி கிடைத்தாலும் 50,000 லிட்டர். அவ்வளவையும் ஒரே நேரத்தில் சேர்த்து வைக்க முடியாதுதான். ஆனால் 10,000 லிட்டர் தொட்டி இருந்தால், கடைசி மழையில் நிரப்பி மூடி வைத்து, சீசனில் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்ளலாம். வசதியற்ற சிறு கடைகள் நான்கைந்து சேர்ந்து ஒரே தொட்டியாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஆகவே வணிகப் பெருமக்கள் புதுக் கணக்குக்குச் சித்திரை வரை காத்திராமல், தை பிறந்ததும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து அணை மட்டம், கைச் சரக்கு, நிலுவைப் பற்று, கொடுக்க வேண்டிய தவணை, தொட்டித் தண்ணீர் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம். மழை நன்றாகப் பெய்திருந்தால் ஒரு மாலைப் பொழுதுதான் செலவு. பெய்யாதிருந்தால் அந்தத் தாள் கடையைக் காப்பாற்றும்.